காட்டுக்கும் உண்டு துண்டாடல்!



சென்ற மாதம் குளுவாங்கிலிருந்து கஹாங் போகும் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம். கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். சம்பளச் சீட்டில் குளறுபடி, ஒழுகும் கூரை, மருந்தகத்தில் ஆள் இல்லாத குறை என்று வழக்கமான சங்கதிகளைப் பேசி முடித்தோம். “வேறு ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். பின்னால் இருந்த ஓர் அக்கா எழுந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர். பத்து வயதில் கித்தாக்காட்டில் மங்கு துடைக்கத் தொடங்கி, பிறகு செம்பனைக்கு மாறி, இன்றும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்.

“தம்பி, முந்தாநாள் ராத்திரி ஆனைக் கூட்டம் வந்து என் வாழை அத்தனையும் முறிச்சிப் போட்டுருச்சி. விடியக் காலையில வேலைக்குப் போகவே பயமா இருக்கு. ஆனைக்கு எண்டாவ்ல ஒரு லட்சம் ஏக்கர்ல பார்க்கு கட்டிக் கொடுத்திருக்காங்களாமே! ஐம்பது வருஷம் உழைச்ச எனக்கு ஒரு வீட்டு மனை கிடைக்கல. இது என்னா நியாயம்? சங்கம் இதைக் கேக்காதா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலிக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி அன்றைக்குச் சமாளித்தேன். அக்கா கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்குரிய பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த துண்டாடல்

துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று லாபம் பார்த்தார்கள். அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அவர்கள் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நம் பாட்டன் பாட்டிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள்.

துண்டாடலில் என்ன நடந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இரண்டாயிரம் ஏக்கர் தோட்டத்தை இருநூறு பேருக்குப் பத்துப் பத்து ஏக்கராக விற்றால், கூட்டிப் பார்க்கும்போது ஏக்கர் குறைவதில்லை. மரமும் அப்படியே நிற்கும். ஆனால் தோட்டம் போய்விடும். பத்து ஏக்கர்க்காரன் ஆஸ்பத்திரி வைப்பானா? ஆயாக் கொட்டகை நடத்துவானா? பள்ளிக்கூடத்துக்கு நிலம் விடுவானா? முழுத் தோட்டம் சுமந்த பாரத்தைத் துண்டு நிலம் சுமக்க முடியாது. லயம் காலியாயிற்று. பள்ளி மூடிற்று. சனங்கள் மூட்டை கட்டினார்கள்.

காட்டுக்கும் இதே கதிதான் தோழர்களே! நடுவில் ஒரு சாலை போட்டு, ஒரு பக்கம் செம்பனை நட்டு, இன்னொரு பக்கம் மரம் வெட்ட லைசென்ஸ் கொடுத்து, மிச்சத்தை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று விட்டால், காகிதத்தில் ஏக்கர் இருக்கும். காடு இருக்காது. பெரிதாகவும் முழுசாகவும் இருக்கும் காடு சுமக்கிற பாரத்தைச் சிறு துண்டு சுமக்காது.

எண்டாவ்–ரொம்பின் பிழைத்த கதை

ஜோகூரின் எண்டாவ் ஆறு, பகாங்கின் ரொம்பின் ஆறு என்ற இரண்டு ஆறுகளின் பேரைச் சேர்த்து வைத்த பேர்தான் எண்டாவ்–ரொம்பின். இரு மாநில எல்லையில் கிடக்கும் மலைக்காடு. 1970களில் இந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. மூன்றாவது மலேசியத் திட்டத்திலும் அது இடம் பெற்றது. ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் கையில் உள்ளவை. 1977-ஆம் ஆண்டில் பகாங் பக்கத்தில், காட்டின் நடுப்பகுதியிலேயே, ஏறத்தாழ முப்பதாயிரம் ஏக்கரில் மரம் வெட்ட உரிமம் கொடுத்துவிட்டார்கள். லாரி உள்ளே போயிற்று. மரம் சாய்ந்தது.

அப்போது நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. மலாயா இயற்கைச் சங்கம், சுற்றுச்சூழல் சங்கங்கள், பள்ளி மாணவர்கள், பத்திரிகை வாசகர்கள் எல்லோரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நாட்டில் ஒரு காட்டுக்காகப் பொதுமக்கள் இவ்வளவு பேர் குரல் கொடுத்தது அதற்கு முன் இல்லை எனலாம். 1978-இல் வெட்டு நின்றது. 1985, 1986 ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கம் விஞ்ஞானிகளையும் தொண்டர்களையும் திரட்டி இந்தக் காட்டுக்குள் ஒரு பெரும் ஆய்வுப் பயணம் நடத்தியது. உலகம் அதுவரை அறியாத செடி வகைகள் அங்கே கிடைத்தன. எண்டாவ் பேரையே தாங்கிய ஒரு விசிறிப் பனை இந்தக் காட்டின் மலைமுகட்டில் தோப்புத் தோப்பாக நிற்கிறது.

கடைசியில் ஜோகூர் அரசு 1989-இல் பூங்காக் கழகத்துக்கான சட்டம் இயற்றி, 1993-இல் தன் பக்கத்துக் காட்டைப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 489 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏக்கர். பகாங் தன் பகுதியைத் தனிப் பூங்காவாக வைத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்தால் 800 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும்.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். உலகத்துக் காடுகளை அளக்கும் விஞ்ஞானிகள், ‘முழுக்காடு’ என்று பேர் சொல்ல ஒரு காடு குறைந்தது 500 சதுர கிலோமீட்டராவது வெட்டுப்படாமல், சாலை அறுக்காமல் ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஜோகூர் பூங்கா தனியே நின்றால் அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைகிறது. பகாங் பகுதியும் சுற்றியுள்ள வனக்காப்பு நிலங்களும் ஒட்டி நின்றால்தான் பரப்பளவில் தேறும். அவற்றை அறுத்துவிட்டால் நம் கையில் இருப்பது துண்டு நிலம்.

துண்டுக்குள் என்ன நடக்கிறது?

பிரேசில் நாட்டில் மனாவ்ஸ் நகருக்கு வடக்கே 1979-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை அழிக்கும்போது ஒரு ஹெக்டர், பத்து ஹெக்டர், நூறு ஹெக்டர் என்று துண்டுகளை விட்டுவைத்து, உள்ளே என்ன ஆகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பார்த்தார்கள். ஓரத்தில் வெயிலும் சூடான காற்றும் புகுந்தன. ஓரத்துப் பெரிய மரங்கள் காய்ந்தும் முறிந்தும் விழுந்தன. நிழலில் வாழும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து சீக்கிரமே மறைந்தன. அகன்று திரியும் குரங்குகள் போய்விட்டன. யாரும் கோடரி வைக்காமலே துண்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டு வந்தது.

பால் வெட்டியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. புயல் காற்று அடித்த மறுநாள் எந்த நிரையில் மரம் விழுந்து கிடக்கும்? எல்லை நிரையில்தானே! காட்டைத் துண்டாக்க ஆக்க எல்லை நிரைதான் கூடுகிறது.

நம் ஜோகூரிலேயே நடந்த ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். சுமத்ராக் காண்டாமிருகம் என்று ஒரு பிராணி. ரோமம் மூடிய, இரட்டைக் கொம்புள்ள காண்டாமிருகம். 1980களின் தொடக்கத்தில் எண்டாவ்–ரொம்பினில் மட்டும் இருபது இருபத்தைந்து இருக்கும் என்று கணக்கிட்டார்கள். தீபகற்பத்தில் அதற்கு முக்கிய புகலிடமாக இருந்தது இந்தக் காடு. காடு சுருங்கியது, கொம்புக்காகக் கண்ணி வைத்தார்கள். மிச்சமிருந்தவை ஒன்றையொன்று சந்தித்து இனம் பெருக்க முடியாதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. 2015-இல் மலேசியக் காடுகளில் இந்த இனம் இல்லை என்று விஞ்ஞானிகள் முடிவு சொன்னார்கள். சபாவில் பராமரிப்பில் இருந்த கடைசி ஆண் 2019 மே மாதத்திலும், கடைசிப் பெண் அதே ஆண்டு நவம்பரிலும் செத்தன. பூங்கா வந்தது, காண்டாமிருகத்துக்குக் காலம் கடந்து வந்தது.

அடுத்து புலி. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி நிற்கிறது. 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், காட்டில் 150-க்கும் குறைவான மலாயாப் புலிகளே இருப்பதாகத் தெரிந்தது. அவை பிழைக்க நம்பியிருக்கும் மூன்று பெரிய காட்டுப் பரப்புகளில் எண்டாவ்–ரொம்பின் ஒன்று.

ஆனை ஏன் வாழைக்கு வந்தது?

இனி அக்காவின் ஆனைக்கு வருவோம். வளர்ந்த ஆனை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். ஒரே இடத்தில் நின்று தின்றால் காடு தாங்காது என்பதால் அது நடந்துகொண்டே இருக்கும். ஒரு கூட்டம் திரியும் வட்டாரம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். ஆற்றோரத் தாழ்நிலம் அதற்கு மிகவும் பிடிக்கும். முதலில் நட்டதும் அந்தத் தாழ்நிலத்தில்தான். ரப்பரும் அங்கேதான், செம்பனையும் அங்கேதான். 1972-இல் கெஜோரா என்ற தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியம் அமைந்து, கோத்தா திங்கிப் பக்கத்துப் பெருங்காடு செம்பனைக்காகத் திறக்கப்பட்டது. 1974-இல் வனவிலங்கு இலாகா ஆனை பிடித்து அப்புறப்படுத்த ஒரு தனிப் பிரிவையே தொடங்க வேண்டியதாயிற்று. அன்று தொடங்கிய தகராறு இன்னும் ஓயவில்லை.

அந்தக் காட்டைத் திறந்த கைகளில் நம் கைகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். நம் பாட்டன்மார்களும் காடு வெட்டினார்கள், மலைக்காய்ச்சலில் செத்தார்கள். நாள் சம்பளத்துக்கு வெட்டினார்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு விடுவது என்று முடிவு செய்த மேசையில் அவர்கள் உட்காரவில்லை. இன்றைக்கும் அந்த மேசையில் நாம் இல்லை. ஆனால் ஆனை வந்தால் முதலில் எதிரில் நிற்பவன் யார்? விடியற்காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தொழிலாளி. நம் தமிழ்த் தொழிலாளியாக இருக்கலாம், வங்காளதேசத்திலிருந்து வந்த தம்பியாக இருக்கலாம். ஆனை பேர் பார்க்காது.

உலகத்துக்கு என்ன, நமக்கு என்ன?

உலகம் முழுக்க இதே துண்டாடல் நடக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குள், பூமியில் இருந்த பெரிய முழுக்காடுகள், வனாந்தரங்களில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டதாக 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. மிச்சத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு ரஷ்யா, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரேசில் என்ற ஐந்து நாடுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று 2018-இல் கணக்குப் போட்டார்கள். அண்டார்டிக்காவை அதில் சேர்க்கவில்லை.

“அந்தக் காடு அங்கே இருந்தால் எனக்கென்ன?” என்று கேட்கலாம். நாம் வெட்டிய ரப்பர் மரம் எங்கிருந்து வந்தது? 1876-இல் விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து எழுபதாயிரம் விதைகளைக் கொண்டுபோனார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் கித்தாக்காடு வளர்ந்த வேர் அது. இவ்வளவு குறைந்த கன்றுகளிலிருந்து பெருகிய மரங்களுக்கு நோய் வந்தால்? தென்னமெரிக்காவில் இலைக்கருகல் நோய் பெரிய ரப்பர் தோட்டங்களைத் துடைத்துப் போட்டிருக்கிறது. அதனால்தான் 1981-இல் பல நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக்காரர்கள் மீண்டும் அமேசானுக்குப் போய்க் காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டி வந்தார்கள். அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. பெண்ணுக்கு ஆபத்து வந்தால் தாய்வீடு வேண்டும். பயிருக்கும் அப்படித்தான்.

செம்பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. முன்பெல்லாம் நம் பெண்கள் மரம் மரமாகப் போய் மகரந்தத் தூளைப் பெண் பூவில் ஊதியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கேமரூன் நாட்டில் அந்த வேலையைச் செய்துவந்த எறும்பளவு வண்டைக் கண்டுபிடித்து 1981-இல் இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் விட்டது நம் குளுவாங் பாமோல் தோட்டத்தில்தான். காய்ப்புக் கூடியது. தூள் ஊதும் வேலை போயிற்று. லாபத்தில் தொழிலாளிக்கு என்ன பங்கு வந்தது என்பது சங்கம் பேச வேண்டிய வேறு கதை. ஆனால் தாய்வீட்டில் அந்த வண்டு அழியாமல் இருந்ததால்தானே கிடைத்தது!

மழையும் அப்படியே. அமேசான் காட்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதியைக் காட்டு மரங்களே நீராவியாக மேலே அனுப்பித் திரும்பப் பெறுகின்றன என்று 1970களில் பிரேசில் விஞ்ஞானிகள் கண்டார்கள். பெரிய காடு மழையைக் கூப்பிடும், பெய்த மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடும், கரியைத் தன் உடம்பில் அடக்கி வைத்துப் பூமிச் சூட்டைத் தணிக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூர் வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு ஓடினோம். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் பக்கம் மீண்டும் வெள்ளம். அவ்வளவு மழை கொட்டினால் எந்தக் காடும் முழுதாகத் தடுத்துவிடாது என்பது உண்மை. ஆனால் மேட்டுக் காட்டை மொட்டையடித்தால் தண்ணீரும் சேறும் இன்னும் வேகமாகப் பள்ளத்துக்கு வரும். பள்ளத்தில் இருப்பது யார் வீடு? லயத்து வீடு.

காகிதக் காடும் காட்டு மனிதரும்

1992-இல் ரியோ மாநாட்டில் மலேசியா, நிலத்தில் பாதியையாவது காடாக வைப்போம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. 2022-இல் மொன்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் நூற்றுக்கு முப்பது பங்கைக் காப்பது என்று ஒப்புக்கொண்டன. நல்ல வாக்கு. ஆனால் வனக்காப்பு நிலத்தில் காட்டை வெட்டி ரப்பர் நட்டுவிட்டு, அதையும் காடு என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் தீபகற்பத்தில் இருந்தது. ரப்பர் காடா இல்லையா என்று நம்மைக் கேட்டால் சொல்லமாட்டோமா? அதில் ஆனைக்கு என்ன தீனி, புலிக்கு என்ன மறைவு?

இன்னொன்று. முழுக்காடு என்றால் ஆளில்லாக் காடு என்று பொருளில்லை. எண்டாவ் ஆற்றங்கரையில் கம்போங் பெத்தாவில் ஜக்குன் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். அந்தக் காட்டின் வழி, மருந்து, மிருகம் எல்லாம் அறிந்தவர்கள். லிங்கியூ அணைக்காகத் தங்கள் வாழ்நிலத்தை இழந்த ஜோகூர் ஜக்குன் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1990களில் அவர்களுக்கு இரண்டு கோடியே அறுபத்தைந்து லட்சம் ரிங்கிட் நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. நம்மைப் போல நிலமில்லாமல் தள்ளப்பட்டவர்கள், கூடி நின்று கேட்டார்கள், பெற்றார்கள். நமக்கும் அதில் பாடம் உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

காட்டோரத் தோட்டங்களின் கிளைச் செயலாளர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஆனை நடமாடும் தோட்டத்தில் மின்வேலி, லயத்து விளக்கு, விடியற்காலையில் கூட்டமாகப் போக லாரி ஆகியவற்றை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை. 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, வேலையிடத்தில் உடனடி ஆபத்து உண்டென்று நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லையென்றால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாவது, தோட்டத்து ஓரத்தில் கம்பிக் கண்ணியைக் கண்டால் வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லுங்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். பன்றிக்கு வைத்த கண்ணியில் புலியும் மாட்டும், நம் பிள்ளையின் காலும் மாட்டும்.

மூன்றாவது, காட்டை ஒட்டிப் புதுச் சாலையோ புது நடவோ வரும்போது சுற்றுச்சூழல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதுண்டு. படித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சங்கத்தின் பேரில் கருத்து எழுதுங்கள். தீபகற்பத்தின் துண்டுபட்ட காடுகளை ஆனைப்பாதைகளால் மீண்டும் இணைக்க மத்திய வன முதுகெலும்பு என்ற திட்டம் இருக்கிறது. அந்தப் பாதை எந்தத் தோட்டத்தின் வழியே போகிறது என்று கேட்கும் உரிமை அங்கே வேலை செய்பவனுக்கு இல்லையா?

அக்கா, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்தப் பூங்கா ஆனைக்குக் கட்டிக் கொடுத்த வீடு கிடையாது. பெரிய வீட்டை இடித்துவிட்டு மிச்சம் வைத்த ஓர் அறை. துண்டாடலில் லயத்தை விட்டு மூட்டையோடு வெளியே வந்தவர்கள் நம் பாட்டிமார். ஆனையும் அப்படித்தான் உங்கள் வாழைக்கு வந்தது. அந்த அறையையும் பறித்துக்கொண்டால் உங்களுக்கு வீட்டு மனை கிடைக்காது, இன்னும் நாலு கூட்டம் ஆனைதான் வரும். உங்கள் வீட்டு மனைக்காகச் சங்கம் போராடும். அந்தக் காடு முழுசாக நிற்கவும் சங்கம் பேச வேண்டும். மின்வேலிக்கான கடிதம் போய்விட்டது. பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் கோயில் வாசலிலேயே படித்துக் காட்டுகிறேன்.